பொடியும் புகையும்

பொன் வேலை பயிலப் பட்டறை புகும் இளைஞன் முதலில் பொன்னைத் தொடுவதில்லை. செம்பும் பித்தளையுமே அவன் கைக்கு வரும். கம்பியை அச்சிலிட்டு இழுத்தல், தகடு தட்டுதல், அரத்தால் தேய்த்தல் ஆகியவற்றில் கை பழகிய பின்னரே பொடி வைத்து ஊதக் கற்பிப்பர். ஒட்டவேண்டிய இடத்தில் வெண்காரம் தடவி, எளிதில் உருகும் கலப்பு உலோகத்தைச் சிறு துணுக்காக இட்டு, ஊதுகுழலால் தீயைச் செலுத்துவதே அவ்வேலை.

தூய பொன் உருக 1064 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகை உருகுமுன் பொடி உருகவேண்டுமாதலின், அதில் பிற உலோகம் சேர்ந்தே தீரும். பழைய முறையில் செம்பும் வெள்ளியும் சேர்த்தனர். அந்நகையை மீண்டும் உருக்கினால் மாற்றுக் குறையும். அது கண்டு பொற்கொல்லரைக் கள்வர் எனப் பழித்தோர் பலர். போலிப் பொருளைக் கலந்து விற்றலைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. பொடி இடுதல் அக்குற்றமாகுமா? அளவறிந்து, சொல்லி இடுவது ஆகாது. மிகுதியாக மறைத்து இடுவது ஆகும் என்பது நம் துணிபு. இதில் பெரிய ஐயமில்லை. ஐயம் அடுத்ததில்தான் எழுகிறது.

மாற்றுக் குறையலாகாது என்ற விருப்பத்திற்கு ஏற்பக் காட்மியம் சேர்ந்த பொடி பரவியது. ‘கே.டி.எம். நகை’ என்று நாமும் தேடி வாங்கினோம். காட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஒட்டுவாயில் பெரும்பாலும் பொன்னே எஞ்சும். ஆவி எங்கே போயிற்று? தீயின்மேல் குனிந்து ஊதியவர் நெஞ்சுக்குள் போயிற்று. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. புற்றுநோய் விளைப்பது என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இல் வகைப்படுத்தியது.

இல்லறத்தார்க்குத் தொழில்வழி வரும் இம்சை முற்றும் தவிர்க்க இயலாதது என்பர். அது தொழில் செய்பவர்க்குச் சொன்னது. அவருடலே ஊறுபடும்போது வாங்குவோர் அதனைத் தமக்குச் சாக்காக்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றாலும் வினை சேரும் எனக் கற்றவர் நாம். அறியாமல் வாங்கியது வேறு. அறிந்தபின் வாங்குவது வேறு. நகையே வேண்டா எனலாம். மிகுபொருள் விரும்பாமை அதற்கு இடந்தரும். ஆயினும் பட்டறையை நம்பிய குடும்பங்களைப் பசியில் தள்ளும் அவ்விடையை எளிதென நாம் எண்ணோம்.

2000இல் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூன் முதல் மாவட்டந்தோறும் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. முத்திரை பெறும் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் முதலியன சேர்ந்த பொடி வந்துள்ளது. அதன் புகையும் மூச்சுக்கு நன்றன்று. பட்டறைக்குக் காற்றோட்டமும் புகைபோக்கியும் வேண்டும். சேதாரம் எத்தனை விழுக்காடு என்று பேரம் பேசும் நாம், இவ்வளையலை ஒட்டியவர் பட்டறையில் புகைபோக்கி உண்டா என்றும் கேட்கலாம். கடைக்காரர் வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும்.