தேர்வுக் கால லேகியம்

மார்ச் நெருங்கும்போது நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடியும் பிரமி மாத்திரையும் கேட்டு நிற்கும் பெற்றோர் உண்டு. வாங்குவது அவர்கள், விழுங்குவது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நோயில்லாத குழந்தைக்கு மதிப்பெண்ணுக்காக மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்போரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வல்லாரை நேற்று வந்த சரக்கல்ல. தமிழ்நாட்டில் துவையலாகவும் யாழ்ப்பாணத்தில் சம்பலாகவும் சோற்றோடு பழகிய கீரை அது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டில், பிள்ளைக்காகச் செய்ய முடிந்தது ஒரு டப்பா லேகியமாக மட்டும் இருக்கலாம். அதைப் பேராசை என்பது அநியாயம்.

ஆனால் அன்பு சான்றாகிவிடாது. நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம் நடந்தவை; சிலவற்றில் நினைவாற்றல் ஓரளவு கூடியது. சிறுவர்களிடம் நடந்தவை குறைவு, அவையும் சிறியவை. பெயரிலேயே குழப்பம் வேறு: 'பிரமி' என்ற பெயர் ஓரிடத்தில் நீர்ப்பிரமியையும் இன்னோரிடத்தில் வல்லாரையையும் குறிக்கிறது. டப்பாவுக்குள் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வொன்று, இணையம் வழி வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் அறிவுத்திறனைக் குறைக்கும் நஞ்சு. மூளைக்கென்று கொடுத்ததே மூளையைக் கெடுக்கக்கூடும்.

வளர்ந்தவர் இந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையாட்டல் சம்மதமாகாது. அம்மா நீட்டினால் வாய் திறக்கும், அவ்வளவுதான். ஆகவே தீங்கில்லை என்று உறுதிசெய்யும் பொறுப்பு கொடுப்பவருடையது. டப்பாவின் மேல் அச்சிட்ட 'பக்கவிளைவு இல்லை' என்ற வரி அந்தப் பொறுப்பைத் தீர்த்துவிடாது.

சோதனைக் கூடத்தில் அகப்படாத தீங்கும் உண்டு. தினமும் ஞாபக மாத்திரை விழுங்கும் பிள்ளை, தன்னிடம் ஏதோ குறை என்று நம்பத் தொடங்குகிறது. மதிப்பெண் கூடினால் புகழ் மாத்திரைக்கு; குறைந்தால் பழி பிள்ளைக்கு.

உண்மையிலேயே குறை இருக்கவும் கூடும். கரும்பலகை தெரியாத கண், இரத்தசோகை, குடற்புழு, பசி ஆகிய எல்லாமே வெளியில் 'மக்கு' என்றுதான் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை இரவில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதிகாலைப் படிப்பு முதலில் பறிப்பது அதைத்தான். 2022இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், படிப்புக்கு முன்னே வயிறு நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. இவற்றைப் பார்க்காமல் லேகியத்தைத் தேடினால், உள்ள நோயும் மறைந்து வளரும்.

துவையலையும் மாத்திரையையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: மே மாத விடுமுறையிலும் இதைக் கொடுப்பார்களா? துவையல் என்றால் கொடுப்பார்கள். வீடே சேர்ந்து உண்ணும். மாத்திரை கடைசித் தேர்வோடு நின்றுவிடும். அப்படி நின்றால், அது தணிக்க வந்தது பெற்றோரின் அச்சத்தை. அச்சத்துக்கான மருந்தை அஞ்சுகிறவரே குடிக்கட்டும்.