விமானியின் மானம்



சென்ற பௌர்ணமியன்று சித்தூரில் கூடிய உபாசக உபாசிகைகளுள் ஓர் இளைஞர், பஞ்சசீலம் ஏற்று முடிந்தபின் எழுந்து நம்மிடம் ஒரு வினாவை விடுத்தார். அவர் ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் தொழில் செய்பவர். மழை பெய்த ஒரு மாலைப்பொழுதில் விமானம் ஒன்று தடாலென்று தரையில் மோதி இறங்கிற்றாம். ஒருவருக்கும் காயமில்லை. ஆயினும் பிரயாணிகள் படியிறங்குங்கால், வாயிற்படியருகே நின்று வணங்கிய தலைமை விமானியை நோக்கி ஒருவர், "இதற்கு மாட்டு வண்டியிலேயே வந்திருக்கலாம்" என்று உரக்கக் கூற, பின்னே வந்தோர் நகைத்தனராம்.

"ஐயா, நான்கு பட்டை போட்ட அந்தப் பெரிய மனிதரின் முகம் அறை வாங்கிய பிள்ளையின் முகம் போல் ஆகிவிட்டது. மானத்தை விட்டொழி என்று தம்மம் சொல்கிறது. மானம் போனபின் உயிர் எதற்கு என்று நம் தமிழ் சொல்கிறது. அவர் எதைக் கேட்பது?" என்றார் இளைஞர்.

அன்று நாம் ஏதோ விடை கூறி அமர்ந்தோம். இல்லம் திரும்பிய பின்னர், கூறியது போதாது என்று நம் உள்ளமே நம்மை இடித்தது. ஆகவே இதனை எழுதலானோம்.

முதற்கண், அவ்விமானி வெட்கப்பட வேண்டியவர்தாமா என்று பார்ப்போம். இறங்குவது தெரியாமல் பூப்போல இறக்குபவனே தேர்ந்த விமானி என்பது நம்போன்றோர் எண்ணம். தொழில் அறிந்தோர் அங்ஙனம் கொள்வதில்லை. ஓடுபாதையில் மழைநீர் தேங்கியிருக்குமாயின், சக்கரத்திற்கும் தரைக்கும் நடுவே நீர் ஒரு படலமாய் நின்று சக்கரத்தை வழுக்கச் செய்யும். அப்படலத்தைக் கிழித்துச் சக்கரம் தரையைப் பற்ற வேண்டுமெனில் சற்று அழுத்தமாகவே இறங்க வேண்டும். சக்கரத்தின்மேல் பாரம் ஏறியபின்னரே இறக்கையின்மீது தடுப்புத் தகடுகள் எழும். தடை நன்கு பிடிக்கும். மெத்தென்று இறக்கும் ஆசையால் தரைக்குச் சில அடி உயரத்திலேயே விமானத்தை மிதக்கவிட்டால், ஒவ்வொரு விநாடியும் ஓடுபாதையில் இருநூறு அடிக்கு மேல் பின்னே போய்விடும். பின்னே போன ஓடுபாதை எவ்விமானிக்கும் உதவாது. ஆகவே நகைத்த பிரயாணி எதைக் கண்டு நகைத்தாரோ அதுவே அவர் உயிரைக் காத்த செயலாயிருத்தல் கூடும். மெய்யாகவே கைதவறி மோதியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பது கருவிகளின் பதிவைப் பார்த்தோர்க்குத் தெரியும், படியிறங்கியவர்க்குத் தெரியாது.

இனி மானம் என்னும் சொல்லை ஆராய்வோம். தமிழில் மானம் என்பது இழிந்ததைச் செய்ய மறுக்கும் உள்ளத் திண்மை. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பாளியில் மானம் என்பது வேறு, அது அளத்தல். தன்னைப் பிறரோடு வைத்து அளந்துகொண்டேயிருக்கும் மனநோய். நான் உயர்ந்தவன் என்பது ஒரு மானம். நான் சமமானவன் என்பதும் மானம். நான் தாழ்ந்தவன் என்பதும் மானமே. மூன்றாவதைக் கேட்டுப் பலர் திடுக்கிடுவர். தாழ்வென்று குறுகுவதும் செருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது பகவன் புத்தரின் நுண்ணிய காட்சி. பத்துத் தளைகளுள் இது எட்டாவது. அரகந்தரே இதனை முற்றும் அறுத்தவர். வெளுத்த துணியில் உவர்மண் வாடை தங்குவது போல "நான்" என்பதன் வாடை நெடுநாள் தங்கும் என்று கேமகத் தேரர் தம் நிலையையே ஒளியாமல் கூறினார். தேரருக்கே அப்படியெனில் ரேணிகுண்டாவில் நின்ற விமானிக்கு முகம் சிவந்ததில் வியப்பென்ன?

நம்மவர்க்கு இதில் ஒரு தடை தோன்றும். தலைமுறை தலைமுறையாய்த் தாழ்ந்தவர் என்று பிறரால் அளக்கப்பட்டு வந்தோம். இப்போதுதான் நிமிர்ந்தோம், உடனே மானத்தை விடு என்றால் மீண்டும் குனியச் சொல்வதாகாதா என்பர். ஆகாது என்போம். நம்மை அளந்த கோலைத்தான் தம்மம் முறிக்கச் சொல்கிறது. அக்கோலையே பிடுங்கி நம் கையில் வைத்துக்கொண்டு பிறரை அளக்கப் புகுவோமாயின், கோல் முறியவில்லை. கை மாறியது, அவ்வளவே.

இவை நூலறிவு. இளைஞரின் வினா தொழிலைப் பற்றியது. தொழிலில் அடிபட்ட மானம் என்ன செய்கிறது?

விமானம் கடுமையாகத் தரையில் மோதினால், அடுத்த பயணத்திற்குமுன் அதன் கால்களையும் உடலையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. கருவிகள் மோதலின் வேகத்தைப் பதிவு செய்கின்றன. எனினும், இது கடும் இறக்கம், பரிசோதியுங்கள் என்று குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பு முதலில் விமானியின் கையில் உள்ளது. இங்குதான் நம் உள்ளம் நிற்கிறது. பிரயாணி நகைத்தார், துணை விமானி வேறெங்கோ பார்க்கிறார், குறிப்பேடு திறந்திருக்கிறது. எழுதினால் தன் கைத்தவறு தன் கையெழுத்திலேயே நிற்கும். எழுதாவிடில், காலில் மெல்லிய பிளவு ஏதேனும் உண்டாயிருந்தால், அது அடுத்த பயணத்தின் பிரயாணிகளோடு மேலே பறக்கும். அவர்கள் நகைத்தவர்களும் அல்லர், ஏதும் அறியாதவர்கள்.

இதனை நாம் எளிதாகப் பேசவில்லை. நூற்பாலையில் இருந்த காலத்தில் இதே குறிப்பேட்டின் முன் நாமும் நின்றோம். 60-ஆம் நம்பர் நூல் சுற்றும் இடத்தில் 40-ஆம் நம்பர் கண்டுகள் சில நம் கைத்தவறால் கலந்துவிட்டன. உடனே மேஸ்திரியிடம் கூறியிருந்தால் அரைமணி நேரத்தில் பிரித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய வாரந்தான் வேறொரு பிழைக்காக ஷிப்டு மாறும் வேளையில் நூறு பேர் முன்னிலையில் நம்மைத் திட்டியிருந்தனர். அந்த எரிச்சல் ஆறவில்லை. வாய் மூடினோம். அந்நூல் நகரியில் ஒரு விசைத்தறிக்காரரிடம் சென்று, துணியில் பட்டை பட்டையாய் விழுந்தது. அவர் துணியை வாங்குவாரில்லை. அவர் நம்மை ஒருநாளும் கண்டவரல்லர். நமக்கு ஒரு தீங்கும் செய்தவரல்லர். நம் மானம் பிழைத்தது. அவர் மாதக் கூலி போயிற்று. ஆலையின் பெயரும் மேஸ்திரியின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. திட்டியவர் குற்றம் ஒரு பங்கு; மறைத்த குற்றம் முழுதும் நம்முடையது.

துணியில் பட்டை விழுந்தால் பணத்தோடு போகும். விமானத்தில் அங்ஙனம் அன்று. 2010-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கிற்று. மங்களூர் ஓடுபாதை குன்றின் உச்சியில் மேசைபோல் அமைந்தது, அதற்கப்பால் பள்ளம். விமானம் இருக்கவேண்டிய உயரத்தினும் மிக உயரமாயும், மிக விரைவாயும் வந்தது. அத்தகைய வேளையில் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு, மறுபடி மேலெழும்பிச் சுற்றிவந்து இறங்குதலே முறை. துணை விமானி அதனைச் சொன்னார். ஒருமுறையன்று, மும்முறை சொன்னார் என்று விசாரணை மன்றம் கண்டது. தலைமை விமானி பிரயாணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்து விழித்தவர் என்பதும் அவ்விசாரணையில் வெளியாயிற்று. அவர் இறங்கினார். பாதையின் பாதிக்கும் மேல் கடந்தபின்னரே சக்கரம் தரையைத் தொட்டது. 166 பேரில் 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர்.

மாண்டவரின் உள்ளத்தில் அக்கணத்தில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம். உறக்கக் கலக்கமாயிருக்கலாம். ஆயினும் இளையவன் "மேலெழும்புவோம்" என்று சொல்லியும் மூத்தவன் கை அசையாதிருப்பதை, விமானம் ஏறாத நாமும் அறிவோம். நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம், சபைகளிலும் கண்டிருக்கிறோம். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் டெனரீஃப் தீவில் இரண்டு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோதும், புறப்பட்ட விமானத்தின் பொறியாளர், ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் இருக்கிறதோ என்று ஐயுற்றுக் கேட்டார். தலைமை விமானி தம் நிறுவனத்தில் பிறருக்குப் பயிற்சியளிக்கும் பேராசான். அவர் விடை கூறிய உறுதியின் முன் பொறியாளர் வாய் அடங்கிற்று. அதன்பின்னரே, இளையோர் அஞ்சாது சொல்லவும் மூத்தோர் செவிசாய்க்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி உலகெங்கும் ஏற்பட்டது. மறுபடி மேலெழும்பியதற்காக ஒருவரைக் கடியலாகாது என்பதும் இன்று அத்தொழிலில் ஒப்புக்கொண்ட கொள்கை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருப்பதிக்கு அண்மையில், வயலில் இறங்கிய விமானத்தை முதியோர் இன்னும் நினைவுகூர்வர். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், அங்கே பார்வைத் தெளிவின்மையால் இறங்க இயலாது மேலெழும்பிற்று. அப்பொழுது இறக்கையின் பின்புறத்து ஃபிளாப் எனப்படும் பலகைகள் மடங்காமல் நின்றுவிட்டன. அவை நீட்டியபடியே சென்னை நோக்கித் திரும்பியதால் காற்றின் தடை மிகுந்து எரிபொருள் விரைந்து செலவாயிற்று. சென்னை வருமுன் எண்ணெய் தீர்ந்தது. விமானி அதனை நெல்வயலில் இறக்கினார். சேற்றில் விழுந்த விமானம் மறுபடி பறக்கவேயில்லை. அதிலிருந்த 262 பேரும் உயிர் பிழைத்தனர்.

இதனினும் முரட்டுத்தனமான இறக்கம் உண்டோ? மாட்டு வண்டி என்று சொல்ல அன்று ஒருவருக்கும் நா எழுந்திராது. வயலில் 262 உயிரைக் காத்த கையைப் போற்றவேண்டும்; எண்ணெய் தீரும் நிலைவரை வந்தது எப்படி என்று கேட்கவும் வேண்டும். ஒரே மனிதரிடம், ஒரே நாளைக் குறித்து இரண்டும் நேர்மையே. புகழும் இகழும் உலக தன்மங்கள் எட்டனுள் இணைந்தே நிற்பவை. ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்வேன் என்பவன் இரண்டிற்கும் அடிமை. கேள்வியை இகழ்ச்சி என்று எண்ணாதவனே விடை சொல்ல வல்லவன்; அவன் விடையால் அடுத்த விமானி கற்பான்.

அங்ஙனம் எண்ணாதிருப்பது எப்படி? மனத்தை மட்டும் நம்பினால் ஆகாது என்று பகவன் புத்தர் கண்டிருந்தார் போலும். ஆகையால் சங்கத்திற்குள் அதற்கொரு வழக்கத்தையே அமைத்தார். மழைக்கால வாசம் முடியும் பௌர்ணமியில் பவாரணை என்றொரு சடங்குண்டு. ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் கைகூப்பி, தம்மிடத்தில் கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ ஆகிய குற்றத்தை இரக்கங்கொண்டு எடுத்துரைக்குமாறு வேண்டுவர். தொடங்குபவர் இளையவர் அல்லர். எல்லாரினும் மூத்த தேரரே முதலில் வேண்டுவர். ததாகதரே ஒருமுறை ஐந்நூறு பிக்குகளின் முன், தம் செயலிலோ சொல்லிலோ குறை காண்கிறீர்களா என்று வினவினார் என்று சுத்தங்கள் கூறுகின்றன. குற்றம் சுமத்தப்படும் வரை காத்திருப்பவனுக்கு அது அறை. தானே கேட்டு வாங்குபவனுக்கு அதே சொல் மருந்து. விமானத்தில் ஏறியமர்ந்ததும், "நான் தவறினால் உடனே சொல்" என்று துணை விமானியிடம் தலைமை விமானி முந்திக்கொண்டு கூறிவிடுவாராயின், பின்னர் அவர் சொல்லுவது அவமதிப்பாகாது. ஏவிய பணியைச் செய்ததாகும். தமிழ் கூறும் மானம் இதனால் குறைவதில்லை. பிழையை எழுதாமல் மறைப்பதே இழிந்த செயல். அதனைச் செய்ய மறுத்துக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடும் கையில்தான் அம்மானம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் எழுதி முடித்து அவ்விளைஞரை அழைத்துப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். அன்று வாயிற்படியில் நின்ற விமானி, பிரயாணிகள் போனபின் தாமே இறங்கிவந்து, மழையில் குனிந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்பதை அப்பொழுதுதான் கூறினார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்றோம். "நீங்கள் இடம் கொடுக்கவில்லையே, ஐயா. கேள்வியைக் கேட்டதும் பேசத் தொடங்கிவிட்டீர்கள். எப்போதும் அப்படித்தான்" என்றார்.

நமக்கு முகம் சுட்டது. வேறு என்ன குறை உண்டு என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, இரண்டாவதைச் சொல்லத் தொடங்கினார்.