ஓடுறதை ஏன் கழட்டணும்?

'நல்லா ஓடிக்கிட்டிருக்கே, இதை ஏன் சார் கழட்டணும்?'

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அல்லது உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். ஸ்கூட்டரின் பிரேக் ஒயரோ, கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபோ... பொருள்தான் மாறும், கேள்வி மாறாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த நியாயம் யாருக்குச் சாதகமானது என்று யோசித்திருக்கிறோமா? யோசிக்க ஒரு சின்ன ரப்பர் சாமானை எடுத்துக்கொள்வோம். பெயர், இம்பெல்லர்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வன்னியம்பட்டியில் போய் இந்தப் பெயரைச் சொன்னால், பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிக்கு விளக்கம் தேவைப்படாது. மோட்டாரோடு சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. கோடையில் போர்க்குழியில் தண்ணீர் கீழே போய், சப்மெர்சிபிள் மோட்டார் வெறுமனே ஓடினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். காயில் கருகும். ஏனென்றால், அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான்.

இதே பெயரில், இதே குணத்தோடு ஒரு சாமான் கடலிலும் இருக்கிறது. அவுட்போர்டு மோட்டார் மாட்டிய ஃபைபர் படகில், புரொப்பல்லருக்கு விசை கொண்டுபோகும் தண்டிலேயே கோத்திருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். ரப்பர் இறகுகள் வளைந்து நிமிர்ந்து கடல்நீரை இழுத்து மேலே அனுப்ப, இன்ஜின் சூடாகாமல் ஓடும். பல விசைப்படகுகளின் இன்ஜினிலும் இதே வேலைக்கு இதன் பெரியண்ணன் உண்டு. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இறகுகள் தேய்ந்து கருகிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும் ஆபத்து. வளைந்த இறகு வளைந்தபடியே இறுகிப்போகும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது 2017 முதல் 61 நாட்கள். விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் காலம் அதுதான். வருமானமே இல்லாத அந்த இரண்டு மாதத்தில், கெட்டுப்போகாத சாமானுக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். இப்போது அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். ஓடுறதை ஏன் கழட்டணும்?

நான் காமர்ஸ் படித்தவன். கணக்குப் புத்தகம் இந்தக் கேள்விக்குத் துணை நிற்கும். புது இம்பெல்லர் வாங்கினால் 'ரிப்பேர் செலவு' என்று பற்றில் ஏறும். அதனால் நடுக்கடலில் இன்ஜின் நிற்காமல் இருந்ததே, அது வரவில் எங்கே ஏறும்? நடக்காத நஷ்டத்துக்கு என்ட்ரி கிடையாது. ஆனால், அதே கணக்கியல்தான் இன்னொன்றும் சொல்லித் தந்தது. வரப்போகும் லாபத்தை நம்பிக் கணக்கில் சேர்க்காதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வாராக்கடனுக்கு ஒதுக்கத் தெரிந்த நமக்கு, வாராமல் போகக்கூடிய படகுக்கு ஒதுக்கத் தயக்கம்!

உடைந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதில் இன்னொரு தொல்லை. பழைய இம்பெல்லரின் இறகுகளை எண்ண வேண்டும். ஆறில் இரண்டைக் காணோம் என்றால், அந்தத் துண்டுகள் தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைத்திருக்கக்கூடும். தேடி எடுக்காவிட்டால் புதுசு போட்டும் இன்ஜின் சூடேறும். மிச்சம் பிடித்த காசு, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வட்டி கேட்கும்.

இது படகுக்காரர் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 28-ம் தேதி, அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலி. காரணம், ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். குளிரில் ரப்பர் இறுகிவிடும், வேண்டாம் என்று முந்தின நாள் இரவு இன்ஜினீயர்கள் மன்றாடினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. முந்தைய பயணங்களில் வளையம் அரிக்கப்பட்டிருந்தும் ஓடம் பத்திரமாகத்தானே திரும்பியது? 'இத்தனை நாள் ஓடுச்சே' என்பது அமெரிக்காவிலும் அதே வாதம்தான்.

ஒருவேளை அன்று நிறுத்தியிருந்தால்? ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள். ஆனால், யாரும் அந்த இன்ஜினீயர்களுக்கு மாலை போட்டிருக்க மாட்டார்கள். 'தேவையில்லாமல் பயமுறுத்தி வேலையைக் கெடுத்தார்கள்' என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். முன்கூட்டியே செய்யும் நல்ல காரியத்தின் தலைவிதி இது. பலித்துவிட்டால், தேவையே இல்லாத காரியம் போலத் தெரியும்!

அதற்காக எல்லாவற்றையும் வருஷா வருஷம் தூக்கிப்போட வேண்டுமா? வேண்டாம். அது வீண் செலவு. நன்றாக இருப்பதைக் கழற்றிப் பூட்டுவதிலேயே கோளாறு புகுந்துவிடுவதும் உண்டு. வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் நிற்கும்வரை ஓடட்டும். நின்றால் உங்களுக்குக் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

படகு அப்படியல்ல. விசைப்படகுக்குச் சொந்தக்காரர் பல நேரம் கரையில் இருப்பார். கடலுக்குப் போவது கூலிக்கும் பங்குக்கும் ஏறிய தொழிலாளி. ராமேஸ்வரம் பக்கம் இன்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. தாண்டிவிட்டால் கைது, கோர்ட், சிறை. மிச்சம் பிடித்தவர் ஒருவர், மாட்டிக்கொண்டவர் இன்னொருவர். சேலஞ்சரிலும் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் ஓடத்துக்குள் இல்லை.

விஷயம் சிக்கனம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துத்தான் நாம் ஏமாறுகிறோம். அடுத்தவர் உயிரை வைத்துச் செய்கிற சேமிப்புக்குச் சிக்கனம் என்று பெயரில்லை. அது அவரைக் கேட்காமல் வாங்கிய கடன்.

பள்ளி வேன் டயர், அபார்ட்மென்ட் லிஃப்ட்டின் கம்பிக் கயிறு, ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் குழாய்... அடுத்த முறை இப்படி ஏதாவது செலவுக்கு உங்கள் கையெழுத்து கேட்டு வந்தால், 'ஓடுறதை ஏன் கழட்டணும்?' என்று கேட்காதீர்கள். 'இது நின்னா யாரு தவிப்பாங்க?' என்று கேளுங்கள்.

பதில் 'நான்தான்' என்றால் உங்கள் இஷ்டம். வேறொருவர் என்றால், ஸ்பேனரை எடுங்கள்!