தனிமரமும் தோப்பும்

தனிமரம் தோப்பாகாது என்று கேட்டுக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். ஒற்றுமையைப் போதிக்க வந்த பழமொழி அது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தோப்பாக முடியாத அந்தத் தனிமரத்துக்கு உலகத்தில் என்ன மதிப்பு என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. தோப்பு நன்றாக இருந்தால் போதும், தனிமரம் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா?

இந்தக் கேள்வியை இன்று வேதாந்திகளைவிட விடாப்பிடியாகக் கேட்பவர்கள், காட்டுக்குள் மரங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

நீலகிரி மாவட்டத்து முதுமலை, 1940-இல் சரணாலயமாக்கப்பட்ட காடு. அதில் 50 ஹெக்டேர் நிலத்தை, அதாவது சுமார் 124 ஏக்கரை, 1988-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் அளந்து எல்லை வகுத்துக்கொண்டார்கள். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய தண்டு முதல் வானளாவிய மரம் வரை, எல்லாவற்றையும் இன்ன இனம் என்று கண்டறிந்து, மார்பளவு உயரத்தில் பருமனைக் குறித்து, எண் பொறித்த தகடு கட்டினார்கள். ஏறத்தாழ 26,000 மரங்கள். இனங்கள் எழுபதை ஒட்டி. அத்துடன் விட்டுவிடவில்லை. எது செத்தது, எது புதிதாக முளைத்து வளர்ந்தது என்று தொடர்ந்து திரும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

இதே முழக்கோலைக் கொண்டு வேறு நாட்டுக் காடுகளையும் அளந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில், காமெரூன் நாட்டின் கோரூப் தேசியப் பூங்காவில் இதே 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 490 இனங்கள் இருக்கின்றன. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் பாதி நிலத்திலேயே இருநூறு இனங்கள் அளவில் கிடைத்தன. மழை பொழியும் காடு ஒரு விதம். கோடையில் இலையுதிர்த்து நிற்கும் முதுமலை இன்னொரு விதம்.

எண்ணியாயிற்று. இனி, ஒரு காட்டின் பன்மையை எப்படி மதிப்பிடுவது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எத்தனை இனம் என்று எண்ணிச் சொல்வது ஒரு வழி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கினாரே, அந்த மாதிரி. மலைச்சரிவெங்கும் பூத்த பூவானாலும், எங்கோ ஒரு மூலையில் பூத்த பூவானாலும் பட்டியலில் ஆளுக்கு ஓர் இடம். மற்றொரு வழியை 1949-இல் சிம்ப்சன் என்பவர் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு காட்டில் இரண்டு மரங்களைத் தொடுங்கள்; இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வாய்ப்புக் குறையக் குறையக் காட்டின் பன்மை அதிகம்.

இரண்டும் நியாயமான வழிகளே. இரண்டுக்கும் ஒவ்வொரு கண் குருடு.

ஒரு காட்டில் பத்து இனங்கள், இனத்துக்கு நூறு மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது இனத்தில் ஒரே ஒரு மரம். சிம்ப்சன் கணக்குப்படி வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அந்த ஒற்றை மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகு பாருங்கள். அப்போதும் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான்! ஓர் இனமே அந்தக் காட்டிலிருந்து அற்றுப்போயிற்று. கணக்கு முகம் சுளிக்கவில்லை.

மற்றதாவது நேர்மையானதா? முதுமலையில் கைடியா என்ற மரம் ஆயிரக்கணக்கில் இருந்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே யானைகள் ஒடித்துத் தின்றதில் அது பெருமளவு குறைந்துபோயிற்று. ஆனால் இனங்களை மட்டும் எண்ணுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. கடைசி மரம் நிற்கும்வரை அவன் பட்டியல் குறைவதில்லை.

யோசித்துப் பார்த்தால், இவை மரக்கணக்கின் குறைகள் மட்டுமல்ல. மனித சமுதாயம் காலங்காலமாகச் சொல்லிவரும் இரண்டு சமாதானங்கள். “ஒன்றுதானே, போனால் என்ன?” என்பது ஒன்று. “நிறைய இருக்கிறதே, போனால் என்ன?” என்பது மற்றொன்று. அரிதானதை முதல் சமாதானம் கொல்கிறது; மலிந்ததை இரண்டாவது கொல்கிறது. இரண்டுக்கும் தப்பியது எது?

மனிதர்களிடையே இது எப்படி நடக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் ஊர் இருக்கிறது. கூவம் வளைந்து ஓடும் இடத்தில், 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணிக்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டை அது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். இன்று அங்கே மீன் மார்க்கெட்டின் இரைச்சல் உண்டு. மே தினப் பூங்கா உண்டு. தெருக்கொள்ளாத ஜனங்கள் உண்டு. தறியோசை கேட்டுக் கண்விழிப்பவர் யார்? ஜனத்தொகைக் கணக்கெடுத்தால் பேட்டை செழித்திருக்கிறது. தொழில்களைக் கணக்கெடுத்தாலும் ஒன்று போன இடத்தில் பத்து வந்திருக்கும். மரம் போனபின் கிடக்கும் எண்தகடு மாதிரி, பெயர் மட்டும் தறியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

“மாறுவதுதானே உலகம்? நெசவாளியின் பிள்ளை வேறு தொழிலுக்குப் போய்ச் சுகமாக வாழ்ந்தால், அதற்காக அழுவதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவன் விரும்பிப் போயிருந்தால் அழ வேண்டியதில்லை, வாழ்த்தத்தான் வேண்டும். பசி துரத்திப் போயிருந்தால்? கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: ஒரு தறி குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று விசாரிக்க ஒரு மனிதன் வேண்டும். மரத்துக்கோ விரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. உலகில் கடைசி வித்தும் அழிந்த இனத்தை எந்த அரசாங்கத்தின் உத்தரவும் திரும்ப முளைக்க வைக்காது.

ஆகையால் எண்ணுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. எண்ணாதவனுக்கு இழந்ததுகூடத் தெரியாது. கைடியாவின் கதை நமக்குத் தெரிந்ததே, ஒவ்வொன்றுக்கும் தகடு கட்டிய பொறுமைசாலிகளால்தான். நான் சொல்வது இவ்வளவுதான்: கணக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், நீதிபதியின் நாற்காலியில் உட்கார்த்தி விடாதீர்கள். ஒரு காட்டின் குறுக்கே பாதை போட வேண்டும், ஒரு தெருவை இடித்து அகலமாக்க வேண்டும் என்று யாரேனும் எண்களோடு வரும்போது, எத்தனை என்று கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாமல், எது, யார் என்றும் கேட்போம். பதில் சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரம்வரையிலாவது தனிமரம் நிற்கும்.