ஊதுகிறவனின் இடம்

கிடாரை முதுகெலும்பாகக் கொண்ட ராக் இசையில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன் வரிசைக்கு இடமுண்டா என்ற கேள்வியை அழகியல் கேள்வியாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது குடியிருப்பு உரிமை பற்றிய வழக்காகப் படுகிறது.

சரித்திரம் தூய்மைவாதிக்குச் சாதகமாக இல்லை. 1950களில் லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ இசைத்தட்டுகளில் பாட்டின் நடுவே தனித்து எழும் குரல் பெரும்பாலும் சாக்ஸஃபோனுடையது. மின்சாரம் கம்பிக்குத் தொண்டை கொடுத்த பிறகு நாலு பேர் போதும் என்றாயிற்று. நாலு பேருக்குக் கூலி குறைவு. வண்டியிலும் இடம் மிச்சம். 1968, 69இல் ப்ளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ், சிகாகோ ஆகிய குழுக்கள் பித்தளையை மீண்டும் கூட்டிவந்தபோது அதற்கு ஜாஸ் கலப்பு என்று பெயர் வைத்தார்கள். பழைய குடித்தனக்காரன் விருந்தாளியாகிவிட்டான்.

தருமபுரிப் பக்கத்துப் பாரதக் கூத்திலும் இதே வழக்கு நடக்கிறது. அங்கே ஊதுகிற வாத்தியம் முகவீணை. நாயனத்தின் குட்டித் தம்பி. மைக் இல்லாத காலத்தில், திறந்த வெளியில், கடைசியில் உட்கார்ந்திருக்கும் கிழவிவரை போய்ச் சேர அந்தக் கூர்மை தேவைப்பட்டது. ஹார்மோனியம் நாடகக் கம்பெனிகளின் வழியே பிற்பாடு வந்தது. மைக்கும் வந்தபின் கூர்மை இரைச்சல் ஆயிற்று. வந்தேறியான பெட்டியை இன்று யாரும் அந்நியம் என்பதில்லை.

முகவீணையின் இன்னொரு கதை சதிரில் இருக்கிறது. 1860 வாக்கில் மகாதேவ நட்டுவனார் அதன் இடத்தில் கிளாரினெட்டைப் புகுத்தினார் என்பார்கள். 1930களுக்குப் பிறகு, சபா மேடையில், கிளாரினெட்டும் போய்ப் புல்லாங்குழல் வந்தது. நளினம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆட்டம் ஒரு குலத்தாரிடமிருந்து கைமாறிய வருஷங்களும் அவையே என்பதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு முடியவில்லை. வாத்தியத்தை வெளியே அனுப்புவது அதை வாசிக்கிறவனை அனுப்புவதைவிடச் சுலபம், பெயர் கெடாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் எல்லாம் பொருந்துமா? இல்லை. கிடார்க்காரன் நினைத்த கணத்தில் ஸ்வரத்தை வளைக்கலாம். நாலு ஊதுகுழல்கள் சேர்ந்து வளைய வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். அதனால் பல ராக் பாட்டுகளில் அவை ஜமீன்தார் பின்னால் நின்று ‘ஆமாம்’ போடும் ஆட்களைப் போல ஒலிக்கின்றன. இது நியாயமான ஆட்சேபம், ஏனெனில் வேலையைப் பற்றியது, பிறப்பைப் பற்றியதல்ல. கூத்தில் முகவீணைக்கு வேலை இருக்கிறது. வேஷக்காரர் அடியை முடித்து கிறுகி ஆடும்போது, அவர் விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்து, அவருக்கு மூச்சு திரும்பும்வரை கீழே விழாமல் வைத்திருப்பது அது.

முகவீணைக்காரரை நிறுத்துகிற குழு, அவருக்குக் கூலி கட்டவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தலாம். கூத்துக்கு அது பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.