நடுங்கும் நாவுக்கு யார் துணை?



ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்க ஒரு பிள்ளை எழுந்து வருகிறது. வீட்டில் பத்து முறை பிழையின்றி வாசித்த பிள்ளைதான். ஒலிவாங்கியின் முன் நின்றதும் தொண்டை அடைக்கிறது, நா தடுமாறுகிறது. முன் வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழுகிறது. அவ்வளவுதான்; 'எனக்கு இது வராது' என்ற தீர்ப்பை அப்பிள்ளை தனக்குத்தானே எழுதிவிடுகிறது.

சபைக் கூச்சம் பாவமன்று. இதை எழுதுகிறவனும் குருமடத்தில் தன் முதல் பயிற்சி மறையுரையைப் பாதியில் மறந்து நின்றவனே. 'தன்னம்பிக்கை கொள்' என்று பலர் புத்தி சொன்னார்கள். நம்புவதற்குத் தன்னிடம் எதுவுமில்லை என்று எண்ணுகிறவனுக்கு அதனால் என்ன பயன்?

மோயீசனைப் பாருங்கள். பாரவோனிடம் போகும்படி ஆண்டவர் பணித்தபோது, தமக்குப் பேச்சு வராது, வேறொருவரை அனுப்பும் என்று அவர் மன்றாடினார் (யாத்திராகமம் 4). ஆண்டவர் அவருடைய நாவை மாற்றியதாக அங்கு எழுதப்படவில்லை. தாம் உடனிருப்பதாக வாக்களித்து, அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். மோயீசன் தம் நாவைப் பார்த்தார். ஆண்டவரோ எகிப்தில் அழுதுகொண்டிருந்த மக்களைப் பார்த்தார். கூச்சத்துக்கும் துணிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இதை நம் வன்னி மண்ணிலும் கண்டோம். காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளைத் தேடும் தாய்மார், 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அதே மாதம் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் அமர்ந்தனர். அவர்களுள் பலர் மேடை கண்டவர்களல்லர். மௌனமே பாதுகாப்பு என்று வாழப் பழகியவர்கள். ஆயினும் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி பேசினார்கள். குரல் நடுங்கியது, நின்றுவிடவில்லை. தாம் எப்படித் தோன்றுகிறோம் என்பதல்ல, யாருக்காகப் பேசுகிறோம் என்பதே அவர்கள் மனத்தில் நின்றது.

ஒரு பிள்ளையின் கூச்சத்தை அத்தாய்மாரின் வேதனையோடு ஒப்பிடலாமா? அளவில் ஒப்பே இல்லை. ஆனால் வழி ஒன்றுதான். நிறைவான அன்பின் முன் அச்சம் நிற்காது என்பது அருளப்பரின் போதனை. நடுக்கமே இராது என்பதல்ல இதன் பொருள். புனித சின்னப்பரே தாம் கொரிந்தியரிடம் நடுக்கத்தோடு வந்ததை மறைக்கவில்லை.

பெற்றோரே, வாசித்துவிட்டு வரும் பிள்ளையிடம் பிழைகளை எண்ணிச் சொல்லாதீர்கள். அதற்கு ஓர் ஆரோனாக இருங்கள். பிள்ளைகளே, அடுத்த முறை வாசிக்க எழும்போது, உங்களைப் பார்க்கும் கண்களை எண்ணாதீர்கள். காது மந்தமான அம்மம்மா ஒருவர் கடைசி வாங்கில் காத்திருக்கிறார். ஆண்டவரின் வார்த்தை அவருக்குக் கேட்கவேண்டும். அவருக்காக வாசியுங்கள்.