துறவி சூட்டிய தேவியின் பெயர்

1801 ஜனவரி 1 இரவு. சிசிலியின் பலேர்மோ வானாய்வகத்தில் நட்சத்திரப் பட்டியலுக்காக வானை அளந்துகொண்டிருந்தார் கத்தோலிக்கத் துறவி ஜூசெப்பே பியாஸி. அவர் குறித்த மங்கிய புள்ளி ஒன்று அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறியது. பிறகு அது சூரிய வெளிச்சத்தில் மறைய, கணிதவியலாளர் காஸ் போட்ட கணக்கின் துணையால் அவ்வாண்டின் கடைசி இரவில் மீண்டும் அகப்பட்டது.

ஏசுவைத் தொழுத பியாஸி, ரோமானியரின் வேளாண் தெய்வமான சீரிஸின் பெயரை அதற்குச் சூட்டினார். கூடவே தம் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரையும் சேர்த்தார்.

தேவியின் பெயரைச் சூட்டியது அவர் விசுவாசத்துக்கு முரணா?

கோயிலும் பலியும் ஒழிந்த தெய்வத்தின் பெயரால் எந்த வழிபாடும் திரும்பவில்லை. உயிரோடிருந்த அரசரின் பெயரைத்தான் பிற நாட்டார் ஏற்கவில்லை. கோள், சிறுகோள், 2006 முதல் குறுங்கோள் என வகை மாறியபோதும் சீரிஸ் என்ற பெயர் மாறவில்லை.